குழந்தை தேடும் முகம்



அரசர்கள் ஆண்டதற்கும் போர்கள் மூண்டதற்கும் வரலாறு இருப்பதுபோலக் குழந்தை வளர்ப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் உளநூற் பாடத்தில் அதன் சில பகுதிகளைக் கற்றேன். பின்னர்ப் பள்ளியில் சிறுவர்களோடு வாழ்ந்த ஆண்டுகளில் அதன் உண்மையை உணர்ந்தேன். தொட்டிலருகே கைப்பேசி வந்துவிட்ட இந்நாளில் அவ்வரலாற்றை நாம் அறிவது நலம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மேலைநாட்டுக் குழந்தைகள் இல்லங்களில் தூய்மையே தலையாய அறமாகக் கொள்ளப்பட்டது. நோய்க்கிருமிக்கு அஞ்சிக் குழந்தைகளைத் தனித்தனித் தொட்டில்களில் கிடத்தினர். உணவுக்கும் மருந்துக்கும் குறைவில்லை. 1945-ஆம் ஆண்டில் ரெனே ஸ்பிட்ஸ் என்னும் மருத்துவர் இருவகைக் காப்பகங்களை ஒப்பிட்டு எழுதினார். ஒன்று, கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லம். அங்கே ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு செவிலி. மற்றொன்று சிறைச்சாலையைச் சார்ந்தது; அங்கே சிறைப்பட்ட தாய்மார்களே தம் குழந்தைகளைப் பேணினர். இவ்விரண்டில் எது சிறந்திருக்கும் என்று எண்ணுகிறீர்கள்? சிறையிலிருந்த குழந்தைகள் நன்கு வளர்ந்தன. தூய்மைமிக்க இல்லத்திலோ ஈராண்டுக்குள் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டவை மாண்டன. ஸ்பிட்ஸின் ஆய்வுமுறையில் குறைகள் உண்டெனப் பின்வந்தோர் சுட்டினர். ஆயினும் அவர் எழுப்பிய வினாவை ஒதுக்கிவிட எவராலும் இயலவில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்திற்காக ஆங்கில மருத்துவர் ஜான் பௌல்பி எழுதிய அறிக்கை 1951-இல் வெளிவந்தது. தாயோடோ, தாய்போல் நிலையாகப் பேணும் ஒருவரோடோ கொள்ளும் அன்புத் தொடர்பு குழந்தையின் மனநலத்திற்கு இன்றியமையாதது என்று அவர் நிறுவினார்.

அக்காலத்து ஆங்கிலநாட்டு மருத்துவமனைகள் பலவற்றில், நோயுற்ற குழந்தையைப் பெற்றோர் நாள்தோறும் காண இயலாது. தாய் வந்து போனால் குழந்தை அழுகிறது. வாராவிடில் அமைதியாக இருக்கிறது என்பது அவர்கள் கூறிய காரணம். பௌல்பியுடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன் அந்த அமைதியை ஐயுற்றார். அறுவை மருத்துவத்திற்காக எட்டு நாள் மருத்துவமனையில் தங்கிய இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம்பிடித்து, 1952-இல் மருத்துவர் அவையில் காட்டினார். அவளுடைய அமைதி நிறைவன்று, அடக்கப்பட்ட துயரம் என்பதைப் படம் காட்டிற்று. கூடியிருந்தோர் பலர் சினந்தனர். எனினும் 1959-இல் அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோர் எந்நேரமும் குழந்தையைக் காண இசைவு தரவேண்டும் எனப் பரிந்துரைத்தது.

இங்கே ஒன்றை நன்கு கருதுங்கள். அந்தச் செவிலியரும் மருத்துவரும் கொடியவர் அல்லர். குழந்தைகளின் நலம் நாடியவர்களே. அழாத குழந்தை நலமாக இருக்கிறது என்று நம்பியதே அவர்கள் பிழை. இன்று சோறூட்டும்போது கைப்பேசியைக் கையில் கொடுத்து, குழந்தை அடங்கிவிட்டது என்று மகிழும் நாமும் அதே பிழையின் வாயிலில் நிற்கவில்லையா?

பிந்தைய ஆய்வுகளும் இவ்வையத்தை வலுப்படுத்துகின்றன. 1978-இல் எட்வர்டு டிரானிக்கும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதில், குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய், சில நிமிடம் முகத்தில் எவ்வுணர்ச்சியும் காட்டாதிருந்தாள். குழந்தை சிரித்துப் பார்த்தது. அவள் கருத்தை ஈர்க்க முயன்றது. பயனில்லாமற்போகவே முகத்தைத் திருப்பிக்கொண்டது. 2003-இல் பாட்ரிசியா குல் என்னும் அறிஞரும் துணைவரும், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீனமொழியைக் கேட்கச் செய்தனர். நேரில் ஒருவர் அமர்ந்து பேசி விளையாடியபோது, பன்னிரண்டு அமர்வுகளில் குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சைத் திரையில் கண்ட குழந்தைகளோ அவ்வாறு கற்கவில்லை.

திரையில் ஓடும் படம் குழந்தையின் சிரிப்புக்கு மறுசிரிப்புத் தருவதில்லை. கைப்பேசி தீயதென்று நான் கூறேன். கடல்கடந்து உழைக்கும் தந்தை அதன் வழியே மகளோடு பேசுகையில், அங்கே மறுமொழி கூறும் மனிதர் ஒருவர் இருக்கிறார். தானே ஓடும் காணொளியில் அவர் இல்லை. 2019-இல் உலகச் சுகாதார நிறுவனம், ஓராண்டு நிரம்பிய குழந்தையாயினும் இரண்டு வயதுவரை திரைமுன் அமர்த்துதல் வேண்டா என்றும், நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகலாகாது என்றும் வரையறுத்தது.

இது பெற்றோருக்குரிய அறிவுரைதானே என்று நீங்கள் எண்ணலாம். அன்று. உங்கள் இல்லத்திலும் ஒரு தம்பியோ தங்கையோ, அண்டை வீட்டுக் குழந்தையோ இருக்கக்கூடும். அக்குழந்தை ஏதோ சொல்ல வரும்போது உங்கள் கண்கள் எங்கே இருக்கின்றன? அந்நேரம் கைப்பேசியைக் கீழே வைத்து அதன் முகத்தை நோக்குங்கள். மழலைக்கு மறுமொழி கூறுங்கள். நாளை நீங்கள் தாயாகவும் தந்தையாகவும் ஆசிரியராகவும் ஆவதற்கு இன்றே அது பயிற்சியாகும்.