சாரணர் ஏறும் படிகள்

பாரதத்தில் சாரணர் இயக்கம் முதன்முதல் கால் ஊன்றியது நம் பெங்களூரிலேதான். 1909-ஆம் ஆண்டு கேப்டன் டி. எச். பேக்கர் இங்கே முதற் படையை அமைத்தார். ஆயின், ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்க்கன்றிப் பிறர்க்கு அதில் இடமில்லை. 1916-இல் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் தனிச் சங்கம் கண்டு நம் பிள்ளைகட்கு வழி திறந்தார். பிரிந்திருந்த சாரணர் சங்கங்கள் 1950 நவம்பர் 7-இல் ஒன்றாயின.

பிரவேசம் முதல் ராஷ்டிரபதி விருது வரை படிகள் பல. ரெயில்வே குமாஸ்தாவாகிய யான் அறிந்த சீனியாரிட்டி அங்கே செல்லாது! முடிச்சு, முதலுதவி, சமையல் யாவும் செய்து காட்டித் தேறவேண்டும். கற்பிக்கும் சாரண ஆசிரியரும் பயிற்சி முகாமில் தேறியவராதல் வேண்டும், ஊதியமோ இல்லை. அடுகோடித் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. வாரம் ஒரு மாலைப் பொழுதை அவர்கட்கு ஈயும் பெரியவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.