காவல் நிலையத்திலிருந்து கல்லூரிக்கு: அமெரிக்காவில் குற்றவியல் நீதிக் கல்வி வளர்ந்த வரலாறு

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் இன்று ‘குற்றவியல் நீதியும் தாயகப் பாதுகாப்பும்’ என்னும் பெயரில் ஒரே பட்டப்படிப்பு நடத்தப்பெறுகிறது. காவலராக விரும்பும் இளைஞரும், எல்லைக் காவலிலோ சிறைத்துறையிலோ பணியாற்ற எண்ணுவோரும் இதனை நாடுகின்றனர். இவ்விரண்டும் இயல்பாகவே ஒன்றோடொன்று பிறந்தவை என்று மாணவர் கருதிவிடுதல் எளிது. ஆயினும், முன்னது 1916-ஆம் ஆண்டிலும் பின்னது 2002-ஆம் ஆண்டிலும் கல்விக்கூடத்துள் நுழைந்தவை. எண்பத்தாறு ஆண்டு இடைவெளி கொண்ட இவ்விரு துறைகளும் ஒரு கூரையின்கீழ் வந்து சேர்ந்த வரலாற்றையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

தொடங்குமுன் சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு. நம் நாளேடுகள் அமெரிக்காவின் அத்துறையைப் பெரும்பாலும் ‘உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை’ என்றே எழுதுகின்றன. ஆனால், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்க்கு ‘உள்நாட்டுப் பாதுகாப்பு’ என்றவுடன் நினைவுக்கு வருவது வேறொன்று: விசாரணையின்றித் தடுத்து வைக்க இடந்தரும் சட்டம். மலேசியாவில் 1960-இல் இயற்றப்பெற்று 2012-இல் நீக்கப்பெற்றதும், சிங்கப்பூரில் இன்றும் நடப்பில் உள்ளதும் அதுவே. இரு வேறு பொருள்கள் ஒரு சொல்லுக்குள் சிக்குண்டால் மாணவர் தடுமாறுவர். எனவே, ‘தாயகப் பாதுகாப்பு’ என்னும் சொல்லையே இவ்வுரையில் ஆள்கிறோம். தமிழில் ‘தாயகம்’ என்பதற்கும் தனியே ஓர் உணர்ச்சி வரலாறு உண்டு என்பதை நாம் அறிவோம். எனினும் குழப்பம் குறைந்த வழி இதுவே.

இக்கல்வியின் தோற்றுவாயைத் தேடிச் செல்வோர் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரையே சென்றடைவர். அங்குக் காவல்துறைக்குத் தலைமையேற்ற ஆகஸ்ட் வால்மர் உயர்கல்வி ஏதும் பெறாதவர். 1876-இல் நியூ ஆர்லியன்சில் பிறந்தவர். பிலிப்பைன்சில் அமெரிக்கப் படைவீரராகப் பணியாற்றித் திரும்பியவர். பின்னர்ப் பெர்க்லியில் கடிதம் கொண்டு செல்லும் அஞ்சற்காரராக இருந்தவர். 1905-இல் அந்நகர மக்கள் அவரை மார்ஷலாகத் தேர்ந்தெடுத்தனர்; 1909-இல் அப்பதவி காவல்துறைத் தலைவர் பதவியாயிற்று. 1932 வரை அவர் அதில் நீடித்தார்.

அந்நாளில் அமெரிக்க நகரங்களில் காவலர் வேலை என்பது அரசியல் கட்சிக்காரர் தம் ஆதரவாளர்க்கு வழங்கும் பரிசாகவே இருந்தது. தேர்தலில் ஆட்சி மாறினால் காவலரும் மாறுவர். பயிற்சி என்பது பெரும்பாலும் சீருடையும் தடியும் தந்து தெருவுக்கு அனுப்புவதோடு முடிந்தது. ஐயத்துக்குரியவரை அடித்தும் உறங்கவிடாமல் வருத்தியும் வாக்குமூலம் பெறும் வழக்கத்துக்கு ‘மூன்றாம் தரம்’ என்று ஒரு பெயரே வழங்கியது. இச்சூழலில் வால்மர் 1908-இல் தம் காவலர்க்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். குற்றச் சட்டம், சான்றுச் சட்டம், ஒளிப்படக்கலை, முதலுதவி போன்றவை அங்குக் கற்பிக்கப்பெற்றன. பல்கலைக்கழகப் பேராசிரியர்களையும் அவர் அதற்கு அழைத்தார். அடுத்த படியாக 1916-இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கோடைகால வகுப்புகளில் காவலர்க்குரிய பாடங்கள் இடம்பெற்றன. காவல்பணி கல்லூரிப் பாடமானது அப்போதுதான்.

வால்மர் செய்த மற்றொன்று நம் கருத்தில் இதனினும் துணிவானது. காவலரைக் கல்லூரிக்கு அனுப்பியதோடு அமையாமல், கல்லூரி மாணவரைக் காவலராகச் சேர்க்கத் தலைப்பட்டார். ‘கல்லூரிப் போலீஸ்’ என்று பிற ஊரார் நகையாடினர். அவ்வாறு சேர்ந்தோருள் வால்டர் கார்டன் என்னும் கறுப்பினத்தவரும் ஒருவர். 1919-இல் பெர்க்லிக் காவலராகச் சேர்ந்த அவர், பணியிலிருந்துகொண்டே சட்டம் பயின்று 1922-இல் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் அமெரிக்க வர்ஜின் தீவுகளின் ஆளுநராகவும் உயர்ந்தார். ஜான் லார்சன் என்பவர் உடலியலில் முனைவர் பட்டம் பெற்றுக் காவலரானவர். 1921-இல் பொய் கண்டறியும் கருவியைப் பெர்க்லியில் அமைத்தவர் அவரே. அக்கருவியின் முடிவுகளை நீதிமன்றங்கள் இன்றளவும் பொதுவாக ஏற்பதில்லை என்பது வேறு செய்தி. அடியையும் உதையையும் விடுத்து அறிவியலை நாடிய நோக்கமே இங்குக் கருதத்தக்கது.

ஆனால், வால்மரைக் குறையற்ற சீர்திருத்தவாதியாக வரைதல் வரலாறாகாது. பிலிப்பைன்சில் குடியேற்ற ஆட்சியின் படைவீரராகப் பெற்ற பட்டறிவை அவர் பெர்க்லியில் பயன்படுத்தினார். காவல்துறையின் படைத்துறைச் சாயலுக்கு அதுவும் ஒரு வித்து என்று அண்மைக்கால ஆய்வாளர் சிலர் காட்டுகின்றனர். அவருடைய பாடத்திட்டத்தில் பரம்பரையையும் இனத்தையும் குற்றத்தோடு இணைத்துப் பேசும் அக்காலக் கருத்துகளும் இடம்பெற்றிருந்தன. கார்டனைச் சேர்த்த மனிதரும் அவரே, இப்பாடத்தை வைத்த மனிதரும் அவரே. அறிவியல் என்று பெயர் சூட்டப்பெற்ற எல்லாமே அறிவியலாகிவிடுவதில்லை என்பதை இத்துறை தன் முதல் வகுப்பிலேயே காட்டியிருக்கிறது.

அடுத்த முப்பது ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். 1929-இல் அமைக்கப்பெற்ற விக்கர்ஷம் ஆணையம் ‘மூன்றாம் தர’ முறையை 1931-இல் வெளிப்படையாகக் கண்டித்தது. அவ்வாணையத்தின் காவல்துறை அறிக்கை வால்மர் பொறுப்பில் உருவாயிற்று. 1930-இல் சான் ஹோசேயில் காவல் கல்வித் திட்டம் ஒன்று தொடங்கிற்று. 1941 டிசம்பரில் வால்மரின் இல்லத்தில் கூடிய சிறு குழுவே பின்னாளில் அமெரிக்கக் குற்றவியல் கழகமாக வளர்ந்தது. 1950-இல் பெர்க்லியில் குற்றவியலுக்கெனத் தனிப்பள்ளி தோன்ற, வால்மரின் மாணவரான ஓ. டபிள்யூ. வில்சன் அதற்குத் தலைவரானார். நியூயார்க்கில் 1964-இல் எழுந்த காவல் கல்லூரி, சில ஆண்டுகளுக்குள் நாட்டின் முதல் தலைமை நீதிபதியான ஜான் ஜேயின் பெயரை ஏற்றது. இப்பெயர் மாற்றம் சிறியதன்று. காவலர்க்கான கல்லூரி, நீதிக்கான கல்லூரி என்று தன்னை அறிவித்துக்கொண்டது.

‘குற்றவியல் நீதி’ என்னும் துறைப்பெயர் நிலைபெற்றதற்கு ஒரு படமே பெருங்காரணம் என்றால் மாணவர் வியப்பர். அதிபர் லிண்டன் ஜான்சன் 1965-இல் அமைத்த ஆணையம், குற்றத்தைப் பற்றிய தன் பேரறிக்கையை 1967-இல் வெளியிட்டது. போர்த்துறைக்கான ஆய்வுக் கழகம் ஒன்றில் பணியாற்றிவந்த ஆல்பிரட் புளும்ஸ்டைன் என்னும் செயல்முறை ஆய்வாளர் அதன் அறிவியற்குழுவுக்குத் தலைமை தாங்கினார். அக்குழுவின் பணியிலிருந்து வந்த ஒரு வரைபடம், குற்றம் நிகழ்வதிலிருந்து கைது, குற்றச்சாட்டு, விசாரணை, தண்டனை, சிறை, விடுதலை வரை ஒரே ஓட்டமாகக் காட்டியது. இடப்பக்கத்தில் அகன்று தொடங்கும் கோடுகள், ஒவ்வொரு நிலையிலும் சிலர் விடுபட்டுப்போக, வலப்பக்கத்தில் மெலிந்து முடியும். அதுவரை காவலரைக் காவல்துறையும், நீதிபதியைச் சட்டக் கல்லூரியும், சிறையைச் சமூகப்பணித் துறையும் தனித்தனியே நோக்கின. இவையனைத்தும் ஓர் அமைப்பின் உறுப்புகள் என்று அப்படம் சொல்லிற்று. ஓர் அமைப்பு உண்டாயின் அதைப் பயில ஒரு துறையும் வேண்டுமன்றோ? 1968-இல் ஆல்பனியில் குற்றவியல் நீதிக்கான பள்ளி மாணவரைச் சேர்த்தது. இத்துறையில் முனைவர் பட்டம் வழங்கும் வழியும் அங்கே திறந்தது.

அதே ஆணையம், முழு அதிகாரம் பெற்ற காவலர் அனைவரும் இறுதியில் இளங்கலைப் பட்டம் பெற்றவராக இருத்தல் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 1968-இல் நிறைவேறிய பெருஞ்சட்டம் அதற்குப் பணம் தந்தது. காவலராகப் பணியாற்றும் மாணவர்க்கு நன்கொடை. முழுநேர மாணவர்க்குக் கடன். பட்டம் பெற்றபின் காவல் அல்லது சிறைப் பணியில் சேர்ந்தால், பணியாற்றும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கடனில் நான்கில் ஒரு பங்கு தள்ளுபடி. பணம் வந்த வேகத்தில் நூற்றுக்கணக்கான கல்லூரிகள் இப்படிப்பைத் தொடங்கின. ஆசிரியர்க்கு எங்கே போவது? ஓய்வுபெற்ற காவலர் பகுதிநேரமாக வந்து தாம் கண்ட வழக்குகளைக் கதையாகச் சொல்லிச் சென்றனர். 1978-இல் லாரன்ஸ் ஷெர்மன் எழுதிய ஆணைய அறிக்கை இந்நிலையைக் கடுமையாகச் சாடியது: தொழிற்பயிற்சிக்குப் பட்டம் என்று பெயரிடலாகாது, காவலரைப் படிக்க வைப்பதினும் படித்தவரைக் காவலராக்குதல் நன்று என்பது அதன் கருத்து. வால்மர் அறுபது ஆண்டுகட்குமுன் செய்ததும் அதுவே.

இதனிடையே பெர்க்லியில் நேர்ந்ததை ஆசிரியர்கள் சற்று ஆழ்ந்து நோக்குதல் தகும். 1970-களின் தொடக்கத்தில் அங்கிருந்த ஆசிரியருள் ஒரு சாரார், காவல்துறை யாருக்காகப் பணியாற்றுகிறது என்று வினவினர். காவல்துறையைச் சமூகத்தின் கட்டுப்பாட்டில் வைக்கவேண்டும் என்று இயக்கம் நடத்தினர். இளம் பேராசிரியர் டோனி பிளாட்டுக்கு நிலைப்பணி மறுக்கப்பெற்றது; மாணவர் கிளர்ந்தனர். 1976-இல் அப்பள்ளி மூடப்பெற்றது. கல்வித்தரம் போதாமை காரணம் என்றது நிருவாகம். அரசியலே காரணம் என்றனர் எதிர்த்தோர். இரண்டும் கலந்திருந்தன என்றே நாம் கருதுகிறோம். எவ்வாறாயினும், இத்துறை தோன்றிய இடத்திலேயே அதன் பள்ளி இல்லாமற் போயிற்று. காவலர்க்குத் துணைநிற்கும் படிப்பா, காவலரை ஆராயும் படிப்பா என்ற வழக்கு மட்டும் பிற கல்லூரிகளுக்கு இடம் பெயர்ந்தது.

இனி இரண்டாம் துறைக்கு வருவோம். ‘தாயகப் பாதுகாப்பு’ என்னும் தொடர் 2001 செப்டம்பர் 11-க்கு முன்பே இருந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் ஹார்ட்-ரட்மன் ஆணையம் அப்பெயரில் ஒரு தேசிய அமைப்பை உருவாக்கச் சொன்னபோது கேட்பார் மிகுதியாக இல்லை. தாக்குதலுக்குப் பின், 2002 நவம்பர் 25-இல் சட்டம் கையெழுத்தாயிற்று; கடலோரக் காவல், சுங்கம், குடிநுழைவு, பேரிடர் மேலாண்மை முதலிய 22 அமைப்புகள் ஒரே துறைக்குள் வந்தன. எஃப்.பி.ஐ.யும் சி.ஐ.ஏ.யும் வெளியே நின்றன. அவ்வாண்டிலேயே மான்டரேயிலுள்ள கடற்படை முதுநிலைப் பள்ளியில் இதற்கென ஒரு மையம் அமைந்தது. காவலர், தீயணைப்பாளர், பொதுச் சுகாதார அலுவலர் ஆகியோர் அரசு செலவில் முதுகலை பயின்றனர். பிற கல்லூரிகளோ புதிய துறைக்கு வேண்டிய ஆசிரியரையும் நூல்களையும் தேடி அலையாமல், ஏற்கெனவே இருந்த குற்றவியல் நீதித் துறையோடு அதனைப் பொருத்திவிட்டன. பணம் முந்தி, பாடம் பிந்தியது. 1968-இல் கண்ட காட்சியே மீண்டது.

இப்பொருத்தம் எவ்வளவு பொருந்துகிறது என்பதே நம் ஐயம். குற்றவியல் நீதி, நிகழ்ந்த செயலை நோக்குவது. சான்று வேண்டும், குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை ஒருவர் குற்றமற்றவர். தாயகப் பாதுகாப்போ இன்னும் நிகழாததை நோக்குவது. அங்குச் சான்றினிடத்தை ஐயம் நிரப்புகிறது. காலையில் முதல் வகுப்பில் குற்றமின்மைக் கொள்கையைப் படிக்கும் மாணவர், பிற்பகலில் முன்கூட்டித் தகவல் திரட்டும் முறையைப் படிக்கிறார். இரண்டுக்கும் இடையிலான முரணை அவருக்கு எடுத்துரைக்க மூன்றாவது வகுப்பு ஒன்று வேண்டும். எல்லாக் கல்லூரிகளிலும் அது இல்லை. இம்முரண் ஏட்டளவினதன்று. மாநிலங்கள்தோறும் நிறுவப்பெற்ற தகவல் ஒருங்கிணைப்பு மையங்கள் பயங்கரவாதத்தைத் தடுப்பதில் பெரிதாகப் பயன் தரவில்லை என்றும், குடிமக்களின் உரிமைக்கு ஊறு செய்ய நேர்ந்தது என்றும் அமெரிக்க மேலவையின் துணைக்குழு ஒன்றே 2012-இல் அறிக்கையிட்டது.

2005 ஆகஸ்டில் கத்ரினா சூறாவளி மற்றொரு திருப்பத்தைத் தந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். பயங்கரவாதத்தை எண்ணி அமைத்த துறை புயல் வெள்ளத்தில் தடுமாறியது. அதன்பின் பாடத்திட்டங்களில் பேரிடர் மேலாண்மை விரிவடைந்தது. இப்படிப்பின் மிகப் பயனுள்ள பகுதி அதுவே என்பது நம் மதிப்பீடு.

இத்தனைக்கும் பிறகு, 1967-இல் சொன்ன இளங்கலைத் தகுதியை வற்புறுத்தும் காவல்துறைகள் அமெரிக்காவில் இன்றும் மிகச் சிலவே. டாலஸ் நகரம் 45 கல்லூரிப் பாட அலகுகளைக் கோரியதை 1985-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. கனெக்டிகட்டின் நியூ லண்டன் நகரமோ, அறிவுத்தேர்வில் மிகை மதிப்பெண் பெற்ற ஒருவரை, இவ்வேலையில் சலிப்புற்று விலகிவிடுவார் என்று கூறி நேர்காணலுக்கே அழைக்காமல் விட்டது. 2000-இல் அதுவும் செல்லும் என்றது மற்றொரு மேல்முறையீட்டு நீதிமன்றம். கல்வியின் பயன் குறித்து 2010-இல் வெளிவந்த ஆய்வொன்று, கல்லூரியில் பயின்ற காவலர் வன்முறையைக் குறைவாகக் கையாள்கின்றனர் என்றும், கைது செய்வதிலும் சோதனையிடுவதிலும் கல்வியால் வேறுபாடு காணப்படவில்லை என்றும் கூறுகிறது.

காவலராவோர் குறைந்தது ஈராண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்திருத்தல் வேண்டும் என்று நெடுங்காலமாக வற்புறுத்தி வந்த மாநிலம் மின்னசோட்டா. 2020 மே 25-இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் உயிரிழந்தது அம்மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரத் தெருவில்தான். அவர் கழுத்தை முழங்காலால் அழுத்திக் கொலைக் குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்றவர் அப்படிப்பைக் கடந்து வந்தவரே. பின்னர் ஆள் பற்றாக்குறையை முன்னிட்டு அம்மாநிலச் சட்டமன்றம் 2023-இல் வேறொரு வழியையும் திறந்தது. அதன்படி, காவல் கல்வியல்லாத பிற துறைகளில் பட்டம் பெற்றவரும் தீவிரப் பயிற்சி பெற்றுக் காவலராகலாம். வரலாறு படித்தவரும் இலக்கியம் படித்தவரும் அதற்கு விண்ணப்பிக்க இயலும்.