ரேவா மின்மகிழுந்து: 48 வோல்ட்டிலிருந்து 72 வோல்ட் வரை

ரேவா என்பது பெங்களூருவில் உருவாக்கப்பட்டு 2001-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த சிறிய மின்மகிழுந்து ஆகும். இதன் மின்கலத் தொகுதி 48 வோல்ட் மின்னழுத்தம் கொண்டது. ரேவாவின் வழிவந்த இ2ஓ பிளஸ் மகிழுந்தின் உயர்வகை 2016-இல் 72 வோல்ட்டுக்கு மாறியது. பழைய மின்வண்டிகளை வைத்திருப்போரிடையே, மின்கலங்களைக் கூடுதலாக இணைத்து வோல்ட்டை உயர்த்தினால் வண்டி மேடு ஏறிவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ரேவாவின் வரலாற்றைப் படிப்படியாகப் பார்த்தால் இவ்வெண்ணத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பிழை என்பது விளங்கும். மேட்டின் கடுமையை அளக்க இக்கட்டுரையில் நீலகிரி மலைப்பாதையும், உதகமண்டலத்தை ஒட்டிய காந்தல் பகுதியின் குளிரும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

முன்னோடிகள்

1973-இல் ஏற்பட்ட எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் சிட்டிகார் என்னும் இருவர் அமரும் மின்மகிழுந்து 1974 முதல் விற்கப்பட்டது. புளோரிடா மாநிலத்தின் செப்ரிங் நகரில் செப்ரிங்-வேன்கார்டு நிறுவனம் இதைத் தயாரித்தது. முதலில் வந்த வகை 36 வோல்ட்டில் ஓடியது. அதன் வேகம் மணிக்குச் சுமார் 40 கி.மீ. மட்டுமே. அடுத்து வந்த 48 வோல்ட் வகை சுமார் 60 கி.மீ. வேகத்தை எட்டியது. மின்னழுத்தம் உயர்ந்தபோது மோட்டாரும் மாறியது, 2.5 குதிரைத்திறனுக்குப் பதில் 3.5 குதிரைத்திறன் மோட்டார் பொருத்தப்பட்டது.

இவ்வண்டியின் வேகக் கட்டுப்பாடு எளிய பாடம் போன்றது. 48 வோல்ட் வகையில் மின்கலங்கள் இரண்டு பிரிவுகளாக இருந்தன. மெதுவாகச் செல்ல இரு பிரிவுகளும் பக்க இணைப்பில் சேர்ந்து மோட்டாருக்கு 24 வோல்ட் தந்தன. விரைவாகச் செல்ல அவையே தொடர் இணைப்பில் சேர்ந்து 48 வோல்ட் தந்தன. நேர்மின் மோட்டாரின் வேகத்தை மின்னழுத்தமே தீர்மானிக்கிறது என்பதை ஓட்டுநர் காலடியிலேயே உணர முடிந்தது.

இந்தியாவில் கேரளத்தின் சாலக்குடியைச் சேர்ந்த எடி நிறுவனம் 1993-இல் தில்லி வாகனக் கண்காட்சியில் லவ்பேர்டு என்னும் இருவர் மின்மகிழுந்தைக் காட்சிப்படுத்தியது. அது சந்தையில் நிலைக்கவில்லை. அதே ஆண்டில் காத்மாண்டில் டீசல் டெம்போ ஒன்று மின்வண்டியாக மாற்றப்பட்டது. அதிலிருந்து வளர்ந்த சபா டெம்போக்கள் பத்துப் பேரை ஏற்றிச் செல்லும் பொது ஊர்திகளாயின. ஆறு வோல்ட் மின்கலங்கள் பன்னிரண்டைத் தொடராக இணைத்து அவை 72 வோல்ட்டில் ஓடின.

ரேவாவின் தோற்றம்

ரேவா மின்மகிழுந்து நிறுவனம் 1994-இல் பெங்களூருவின் மைனி குழுமமும் கலிபோர்னியாவின் அமெரிகான் நிறுவனமும் சேர்ந்த கூட்டு முயற்சியாகத் தொடங்கியது. இதன் பின்னணியில் இருந்தவர் பொறியாளர் சேத்தன் மைனி. எஃகுச் சட்டகத்தின்மேல் நெகிழிப் பலகைகளைப் பொருத்தி வண்டியின் எடை குறைக்கப்பட்டது. முன் இருக்கைகளுக்கு அடியில் எட்டு காரீய அமில மின்கலங்கள் வைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் 6 வோல்ட், 200 ஆம்பியர் மணி கொண்டது. மொத்தம் 48 வோல்ட். சேமிக்கும் ஆற்றல் 9.6 கிலோவாட் மணி. 2004 முதல் இலண்டனில் இவ்வண்டி ஜி-விஸ் என்ற பெயரில் விற்கப்பட்டது.

48 வோல்ட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு. கோல்ஃப் மைதான வண்டிகளிலும் கிடங்குச் சரக்கு வண்டிகளிலும் 36, 48 வோல்ட் கருவிகள் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தன. பாதுகாப்பும் ஒரு காரணம். மின் ஊர்திகளுக்கான பன்னாட்டு விதிகளும் இந்தியாவின் ஏ.ஐ.எஸ்.-038 தரமும் 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தத்தை உயர் மின்னழுத்தம் என வகைப்படுத்துகின்றன. மின்னேற்றத்தின் இறுதியிலும் 48 வோல்ட் காரீயத் தொகுதி இந்த எல்லைக்குள்ளேயே நிற்கிறது.

மலை கேட்கும் கணக்கு

மேட்டுப்பாளையம்–உதகமண்டலம் மலை ரயில் பாதை 46 கி.மீ. நீளமுடையது. கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,203 மீட்டரில் முடிகிறது. சாலையும் ஏறத்தாழ இதே உயரத்தை ஏற வேண்டும். பயணிகளுடன் 900 கிலோ எடையுள்ள ஒரு சிறு மகிழுந்தை 1,877 மீட்டர் உயர்த்த மட்டும் 4.6 கிலோவாட் மணி ஆற்றல் தேவை. சக்கர உராய்வு, மோட்டாரிலும் கியரிலும் ஏற்படும் இழப்பு ஆகியவற்றையும் சேர்த்தால் மின்கலத்திலிருந்து சுமார் 8 கிலோவாட் மணி எடுக்கப்படும். ரேவாவின் புதிய மின்கலத் தொகுதிக்கே இது எல்லைக் கணக்கு. காரீய அமில மின்கலம் வேகமாக வடிக்கப்படும்போது தன் முழுக் கொள்ளளவையும் தராது. நாள்பட்ட மின்கலமோ பாதி வழியிலேயே ஓய்ந்துவிடும்.

இனி மேட்டின் சரிவைப் பார்க்கலாம். மலை ரயிலின் பல்சக்கரப் பகுதியில் மிகக் கடுமையான ஏற்றம் 12-க்கு 1. அதே சரிவுள்ள ஒரு சாலையில் மேற்சொன்ன வண்டி மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஏற, மின்கலத்திலிருந்து சுமார் 6.2 கிலோவாட் திறன் வேண்டும். 48 வோல்ட்டில் இது சுமார் 130 ஆம்பியர் மின்னோட்டம். 72 வோல்ட்டில் சுமார் 86 ஆம்பியர் போதும்.

கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். எனவே மின்னழுத்தம் ஒன்றரை மடங்கானால் அதே கம்பியில் வெப்பம் ஒன்பதில் நான்கு பங்காகக் குறைகிறது. பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து 1932 முதல் சமவெளிக்கு மின்சாரம் உயர் மின்னழுத்தத்தில் இறக்கப்பட்டதும் இதே விதியின்படிதான்.

எது மாறும், எது மாறாது

மேற்கண்ட நன்மை கம்பிகளுக்கும் இணைப்பு முனைகளுக்கும் உரியது. மோட்டாரின் நிலை வேறு. மோட்டாரின் முறுக்குவிசை அதன் வழியே பாயும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. கட்டுப்பாட்டுக் கருவி அந்த மின்னோட்டத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பு மாறாவிட்டால், மின்னழுத்தம் 72 ஆனாலும் நின்ற நிலையிலிருந்து மேடேறும் இழுவிசை முன்பு இருந்ததே. அந்த இழுவிசையைக் கூடுதல் வேகம் வரை தக்கவைக்க முடியும்; அவ்வளவே. 48 வோல்ட்டில் மேட்டில் அசையாமல் நின்ற வண்டி 72 வோல்ட்டிலும் அதே இடத்தில் நிற்கும். மெதுவான ஏற்றத்தில் மோட்டாருக்குள் ஏற்படும் சூடும் குறையாது. இழுவிசை வேண்டுமானால் வலுவான மோட்டாரோ, கியர் விகித மாற்றமோ தேவை.

ஓடும் தூரமும் வோல்ட்டால் மட்டும் கூடுவதில்லை. 48 வோல்ட், 200 ஆம்பியர் மணி என்பதும் 72 வோல்ட், 133 ஆம்பியர் மணி என்பதும் ஒரே அளவு ஆற்றல்தான். நான்கு காரீய மின்கலங்களைக் கூடுதலாகச் சேர்த்தால் ஆற்றல் கூடும். ஆனால் எட்டு மின்கலங்களே ஏறத்தாழ கால் டன் எடை. மேலும் நான்கு சேரும்போது வண்டியின் எடை நூறு கிலோவுக்கு மேல் உயர்ந்து, நிறுத்தும் கருவிகளுக்கும் சுருள்வில்களுக்கும் சுமையாகும்.

நிறுவனம் சென்ற வழி

ரேவா நிறுவனம் வோல்ட்டை முதலில் தொடவில்லை. 2008-இல் வந்த ரேவா-ஐ வகையில் நேர்மின் மோட்டாருக்குப் பதிலாக மாறுமின் தூண்டல் மோட்டார் இடம்பெற்றது. மின்னழுத்தம் 48 வோல்ட்டாகவே இருந்தது. ஆயினும் உச்ச வேகம் மணிக்கு 65 கி.மீ.யிலிருந்து 80 கி.மீ.யாக உயர்ந்தது. 2009-இல் லித்தியம் அயனி மின்கல வகை அறிமுகமானது. எடை குறைந்து, ஒரு மின்னேற்றத்தில் ஓடும் தூரம் 80 கி.மீ.யிலிருந்து 120 கி.மீ.யாகக் கூறப்பட்டது.

2010-இல் மகிந்திரா நிறுவனம் ரேவாவின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. 2013-இல் இ2ஓ வெளிவந்தது. 2016 அக்டோபரில் வந்த நான்கு கதவு இ2ஓ பிளஸ் மகிழுந்தில்தான் இரு மின்னழுத்தங்கள் அருகருகே விற்கப்பட்டன. அடிப்படை வகைகள் 48 வோல்ட்டும் 19 கிலோவாட் மோட்டாரும் கொண்டவை; முறுக்குவிசை 70 நியூட்டன் மீட்டர். பி8 என்னும் உயர்வகை 72 வோல்ட்டும் 30 கிலோவாட் மோட்டாரும் கொண்டது. முறுக்குவிசை 91 நியூட்டன் மீட்டர். வோல்ட் உயர்ந்த அதே வண்டியில் மோட்டாரும் மின்கலத் தொகுதியும் பெரிதாயின. சிட்டிகார் நாற்பது ஆண்டுகளுக்கு முன் சென்ற வழியும் இதுவே.

பழைய வண்டியை மாற்றும்போது

பழைய 48 வோல்ட் வண்டியை 72 வோல்ட்டுக்கு மாற்றுவதென்றால் மின்கலத்தோடு வேலை முடிவதில்லை. பின்வருவன ஒவ்வொன்றும் புதிய மின்னழுத்தத்துக்கு உரியவையாக இருக்க வேண்டும்.

கட்டுப்பாட்டுக் கருவி: 48 வோல்ட்டுக்கான கருவியில் 72 வோல்ட் செலுத்தினால் அதன் மின்தேக்கிகளும் டிரான்சிஸ்டர்களும் எரிந்துபோகும்.

சார்ஜர்: 72 வோல்ட் காரீயத் தொகுதியை முழுதாக ஏற்ற 85 வோல்ட்டுக்கு மேல் தேவை.

12 வோல்ட் மாற்றி: முகப்பு விளக்கு, மழைத்துடைப்பான், ஒலிப்பான் ஆகியவை இதன் வழியாகவே மின்சாரம் பெறுகின்றன. மூடுபனியில் இவை நின்றால் பெரும் ஆபத்து.

கான்டாக்டரும் உருகியும்: நேர்மின்சாரத்தைத் துண்டிக்கும்போது எழும் தீப்பொறி மின்னழுத்தம் கூடக்கூட நீள்கிறது. குறைந்த மின்னழுத்தத்துக்கான உருகி உருகிய பின்னும் தீப்பொறி வழியே மின்சாரம் தொடரலாம்.

மோட்டார்: பழைய நேர்மின் மோட்டார் அளவுக்கு மீறிச் சுழன்றால் கார்பன் பிரஷ்களும் திசைமாற்றியும் கெடும்.

காப்பு: 60 வோல்ட்டைக் கடந்த வண்டியில் ஆரஞ்சு நிறக் கம்பிகளும், கைபடாத மூடிகளும் தேவை. வீட்டில் மூடியைத் திறந்து பழுதுபார்க்கும் பழைய பழக்கம் இங்கே உயிருக்கு ஆபத்தாகலாம்.

மலைப்பகுதிக்கு மேலும் இரண்டு கவனங்கள் உண்டு. டிசம்பர், சனவரி மாத விடியற்காலையில் காந்தலில் உறைபனி படிவது உண்டு. லித்தியம் மின்கலத்தை 0 பாகைக்குக் கீழே மின்னேற்றினால் உள்ளே உலோக லித்தியம் படிந்து மின்கலம் நிலையாகப் பழுதடையும். வெப்பநிலை உணரும் மின்கல மேலாண்மைச் சுற்று இதைத் தடுக்கும். மற்றொன்று இறக்கம். இறங்கும்போது மோட்டார் மின்னாக்கியாக மாறி வண்டியின் வேகத்தைக் குறைக்கிறது. இரவு முழுதும் மின்னேற்றி, காலையில் நேராகக் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால், நிரம்பிய மின்கலத்தில் அந்த மின்சாரத்துக்கு இடமிருக்காது. அப்போது முழுச் சுமையும் சக்கர பிரேக்குகளின்மேல் விழும். மேலிருந்து புறப்படும் வண்டியை முழுதாக மின்னேற்றாமல் இருப்பதே நல்லது.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள உற்பத்தியாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. எரிபொருள் வண்டிகளை மின்வண்டிகளாக மாற்றும் தொகுப்புகளுக்கு ஏ.ஐ.எஸ்.-123 என்னும் தரம் உள்ளது. சோதனை செய்து ஒப்புதல் பெற்ற தொகுப்புகளையே பொருத்தலாம். சிறிய மின் ஸ்கூட்டர்களிலும் இது முக்கியம். மோட்டார் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் உட்பட்ட வண்டிகளுக்குப் பதிவு தேவையில்லை. 48 வோல்ட் ஸ்கூட்டரில் ஒரு மின்கலத்தைச் சேர்த்து 60 வோல்ட்டாக்கினால் வேகம் அந்த எல்லையைக் கடந்து, சலுகை போய்விடும். விபத்து நேர்ந்தால் காப்பீடும் கேள்விக்குள்ளாகும்.

இன்றைய நிலை

இ2ஓ பிளஸ் உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்டது. இந்தியாவிலும் பிரிட்டனிலும் எஞ்சியுள்ள பழைய ரேவாக்களில் பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது காரீய மின்கலத் தொகுதியே. அவற்றில் பல, 48 வோல்ட் ஏற்பாட்டை மாற்றாமல் லித்தியம் மின்கலம் பொருத்தப்பட்டு மீண்டும் ஓடுகின்றன. 3.2 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலங்கள் பதினாறைத் தொடராக இணைத்தால் 51.2 வோல்ட் கிடைக்கும். பழைய கட்டுப்பாட்டுக் கருவிக்கும் மோட்டாருக்கும் இது பொருந்தும். இதனால் குறையும் எடை மேடேறும்போது நேரடியாகப் பயன்படுகிறது. ஆயினும் இதற்கும் உரிய சார்ஜரும் மேலாண்மைச் சுற்றும் வேண்டும். வாகனப் பதிவு அலுவலகத்தின் ஒப்புதலையும் கேட்டறிய வேண்டும்.