விதிமுறையின் முதற் சோதனை: 1949 ஆம் ஆண்டுச் சார்லட் மோட்டார்ப் பந்தயம்

விளையாட்டுக்குச் சிறப்பளிப்பது வேகமா, விதிமுறையா என்னும் வினா பழமையானது. வேகம் கண்ணைக் கவரும். ஆயின் வெறும் பொழுதுபோக்கை விளையாட்டாக உயர்த்துவது விதிமுறையே. மோட்டார்ப் பந்தய வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றொன்றை அளிக்கின்றது.

சிலாபம் முதல் கற்பிட்டி வரை நீளும் புத்தளக் கடற்கரையின் மணலில் வண்டிச்சில்லு புதைவதை அப்பகுதி மக்கள் நன்கறிவர். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து டேட்டோனாக் கடற்கரையோ, வற்றுக்காலத்தில் தளம் போட்டாற்போல இறுகிக் கிடப்பது. 1935 ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான மல்கம் காம்பெல் மணிக்கு 276 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் தம் ஊர்தியைச் செலுத்தியது அம்மணலிலேயாம். மறு ஆண்டு மார்ச் 8 ஆம் நாள், கடற்கரையையும் அதனையடுத்த வீதியையும் இணைத்து, சாதாரண மோட்டார் வண்டிகளுக்கு அங்கே ஒரு பந்தயம் நடைபெற்றது. திருப்பங்களில் மணல் நெகிழ்ந்து வண்டிகள் புதைந்தமையால், குறித்த தூரம் முடியுமுன்னரே அது நிறுத்தப்பட்டது. மில்ற் மேரியன் வெற்றியாளரானார். ஐந்தாவதாக வந்த வில்லியம் பிரான்ஸ் என்பவரே பிற்காலத்தில் இவ்விளையாட்டின் போக்கை மாற்றியவர்.

அந்நாளிற் பந்தயங்கள் பல இடங்களில் நடந்தன. பொதுவான ஒழுங்கு இருக்கவில்லை. இடத்துக்கு இடம் விதி வேறுபட்டது. பரிசுப்பணத்தைக் கொடாது மறைந்த அமைப்பாளரும் உளர். இந்நிலையை நீக்கக் கருதிய பிரான்ஸ், 1947 டிசம்பரில் டேட்டோனாவில் ஒரு கூட்டத்தைக் கூட்டினார். அதன் பயனாக 1948 பெப்ரவரியில் நாஸ்கார் என்னும் கழகம் பதிவு பெற்றது. மறு ஆண்டு அக்கழகம் புதியதொரு போட்டியை அறிவித்தது. கடையில் வாங்கிய வண்டி வாங்கியபடியே ஓடவேண்டும் என்பதே அதன் அடிப்படை விதி. தம் வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டியை ஒத்ததே களத்திலும் ஓடுகின்றது என்பது மக்களைப் பெரிதும் ஈர்த்தது.

1949 ஜூன் 19 ஆம் நாள், வட கரொலினா மாநிலத்துச் சார்லட் நகரில், முக்கால் மைல் சுற்றளவுள்ள மண் களத்தில் முதற் போட்டி நிகழ்ந்தது. வண்டிகள் 33, சுற்றுகள் 200. சாரா கிறிஸ்ரியன் என்னும் பெண்மணியும் களமிறங்கினார். லீ பெற்றி ஓட்டிய பியூக் வண்டி உருண்டு கவிழ்ந்தது. புழுதிக்கிடையே கிளென் டனவே தமது 1947 ஆம் ஆண்டுப் போர்ட் வண்டியில் முதலில் எல்லையைக் கடந்தார். கான்சாஸ் மாநிலத்தவரான ஜிம் ரோப்பர், லிங்கன் வண்டியில், மூன்று சுற்றுகள் பிந்தி இரண்டாவதாக வந்தார்.

ஆயின் பந்தயத்தின் முடிவு களத்தில் அமையவில்லை, பரிசோதனையில் அமைந்தது. போர்ட் வண்டியின் பின்புற ஸ்பிரிங்குகள் மாற்றியமைக்கப்பட்டிருந்தமை கண்டறியப்பட்டது. தென் மாநிலங்களில் வரி செலுத்தாத மதுவைக் களவாக ஏற்றிச் செல்வோர் கையாண்ட உத்தி அது. பாரத்தால் வண்டியின் பின்புறம் தாழாதிருக்கவும், வளைவில் வண்டி உறுதியாக நிற்கவும் அது உதவிற்று. டனவேயின் வெற்றி நீக்கப்பட்டது. 2,000 டொலர்ப் பரிசு ரோப்பருக்குச் சென்றது.

இத்தீர்ப்பு நீதியானதா? வண்டி டனவேக்குச் சொந்தமானதன்று. ஓட்டுதற்கு வண்டியின்றி வந்த அவருக்கு, ஹியூபேட் வெஸ்ட்மோர்லண்ட் என்பவர் தம் வண்டியைக் கொடுத்தார். பிறர் செய்த மாற்றத்துக்காகத் தம் உழைப்பின் பயனை அவர் இழந்தார் என்று இரங்குவதற்கு இடமுண்டு. எனினும், விதிமுறை ஓட்டுநரின் உள்ளத்தை அளப்பதன்று, வண்டியை அளப்பது. நல்லெண்ணம் கருதி அன்று விலக்களித்திருப்பின், மறு பந்தயத்தில் ஒவ்வொருவரும் தாம் அறியாது நடந்ததென்றே கூறியிருப்பர். விதிப்படி வந்தவரே இழப்புற்றிருப்பர். உரிமையாளர் 10,000 டொலர் கோரித் தொடுத்த வழக்கை நீதிபதி ஹேய்ஸ் தள்ளுபடி செய்தார். தன் போட்டிக்கு விதி வகுக்கவும் அதனை நிறைவேற்றவும் கழகத்துக்குள்ள உரிமை இவ்வாறு நிலைபெற்றது.

இந்நெறி ஓரிடத்துக்கே உரியதன்று. 1934 இல் நுவரெலியாவில் தொடங்கிய மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியாயினும், போர்க்கால விமானத்தளங்களான கட்டுக்குருந்தையிலும் சென்னையை அடுத்த சோழவரத்திலும் பின்னர் நடந்த பந்தயங்களாயினும், ஒத்த வண்டிகளை ஒத்தவற்றோடு நிறுத்தினாலன்றி வெற்றிக்குப் பொருளில்லை.

காலப்போக்கில் அமெரிக்கப் பந்தய வண்டிகள் கடை வண்டிகளினின்றும் முற்றாக வேறுபட்டன. இன்று அவை களத்துக்கெனவே கட்டப்படுவன. பழைய விதியின் சொற்கள் மறைந்தன. ஆயினும் பந்தயம் முடிந்தபின் வண்டியைச் சோதித்தே வெற்றியை உறுதிசெய்யும் வழக்கம் நிலைத்துள்ளது. மூன்று சுற்றுகள் முந்தி வந்தவரும் விதிக்கு முந்தியவராகார் என்பதே சார்லட் களம் விட்டுச்சென்ற பாடமாகும்.