நாணம் என்னும் திரை



மருந்தால் மட்டும் அடங்காத நோய்களும் உலகில் உண்டு. அவற்றுக்கு மருந்தோடு பேச்சும் வேண்டும். எச்.ஐ.வி. தொற்றின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.

அந்நோய் மேல்நாட்டாருக்கே உரியது, நம்மவரை அண்டாது என்று பலரும் நம்பியிருந்த காலம் ஒன்று இருந்தது. 1986ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனிதி சாலமன் அம்மையாரும் அவர்தம் மாணவி நிர்மலாவும் அந்நம்பிக்கையைச் சோதிக்கத் துணிந்தனர். பாலியல் தொழில் காரணமாகக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் நிர்மலா குருதி மாதிரி பெற்றார். வேலூரில் சோதித்தபோது, சில மாதிரிகளில் தொற்றின் அடையாளம் காணப்பட்டது. இந்தியாவில் இத்தொற்று முதன்முதலாக வெளிப்பட்டது இவ்வாறே.

அதன்பின் அம்மையார் எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது கிருமியோடு மட்டுமன்று. ஊராரின் ஏச்சோடும் நோயாளரின் நாணத்தோடும் போராடினார். 1993இல் அவர் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையத்தில் ஆலோசனையும் சிகிச்சையின் ஓர் உறுப்பாயிற்று. தொற்றுடைய ஆடவரும் மகளிரும் மணம் புரிய விரும்பியபோது, அவர்களுக்குள்ளேயே பொருத்தம் பார்த்துக் கொடுத்தார். நோயாளிக்கும் இல்லறம் உண்டு, மக்கட்பேற்று ஆசை உண்டு என்பதை ஒப்புக்கொண்ட வைத்தியம் அது. 2015இல் அம்மையார் மறைந்தார். அவர் காட்டிய வழி மறையவில்லை.

நம் நாட்டில், தொற்றுற்ற முதல் இலங்கையர் 1987இல் அறியப்பட்டார். குருதியேற்றத்தால் தொற்றுக்கு ஆளான குழந்தை வைத்திய நிபுணர் கமலிகா அபேரத்ன, தம் நிலையை மறைக்காது நாட்டுக்குக் கூறினார். 2004இல் மறையும்வரை நோயாளரின் உரிமைக்காகக் குரல் கொடுத்தார். தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடென 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது.

ஆயினும் வைத்தியரின் அறையில் ஒரு திரை இன்னும் தொங்குகிறது. "மருந்து ஒழுங்காகக் குடிக்கிறீர்களா?" என்ற கேள்வியோடு பல சந்திப்புகள் முடிந்துவிடுகின்றன. துணைவரிடம் சொல்லியாயிற்றா? உறை பயன்படுத்துகிறீர்களா? வேறு பாலியல் நோயின் அறிகுறி உண்டா? பிள்ளை பெற விருப்பமா? வீட்டில் எவரேனும் வற்புறுத்துகின்றனரா? இவை கேட்கப்படாமலே போகின்றன. நோயாளியும் தாமாக வாய் திறப்பதில்லை.

அவ்வாறு வாளாவிருப்பதால் விளையும் இழப்புப் பெரிது. மருந்தால் கிருமி அளவிட முடியாதபடி அடங்கியவரிடமிருந்து, உடலுறவின்வழி அவர் துணைவருக்கு ஒரு தொற்றேனும் சென்றதில்லை என்று 2016இலும் 2019இலும் வெளியான பார்ட்னர் ஆய்வுகள் காட்டின. இந்நற்செய்தியை எவரும் சொல்லாமையால், அச்சத்தோடு விலகி வாழும் தம்பதியர் எத்தனை பேரோ! ஏனைய பாலியல் நோய்களை அம்மருந்து தடுக்காது என்பதையும் வைத்தியரே சொல்லவேண்டும்.

எங்கள் அரநாயக்கப் பகுதித் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். லயத்தில் ஓர் அறையில் பேசுவது அடுத்த அறைக்குக் கேட்கும். கேகாலைக்குப் பஸ் ஏறிச் சென்றாலோ, சிங்களம் பேசும் வைத்தியருக்கும் தமிழ் பேசும் தாய்க்கும் இடையே பள்ளிப் பிள்ளையே மொழிபெயர்ப்பாளனாக நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். காய்ச்சலுக்கு அது போதும். பெற்ற மகனை நடுவில் நிறுத்திக்கொண்டு எந்தத் தாய் இல்லறத்தைப் பற்றிப் பேசுவாள்?

ஆகவே, இக்கேள்விகளை எல்லோரிடமும் வழக்கமாகக் கேட்க வேண்டும். தனியறையில், அனுமதி பெற்று, பழி தொனியாமல், நோயாளியின் தாய்மொழியில் கேட்க வேண்டும். எல்லோரிடமும் கேட்கும் கேள்வியில் எவருக்கும் அவமானம் இல்லை. சென்னையில் அன்று இரு பெண்கள் கேட்கத் துணிந்தமையால் ஒரு நாடு விழித்தது. இன்று ஒரு வைத்தியர் கேட்கத் துணிந்தால் ஒரு குடும்பம் அச்சம் நீங்கி வாழும்.