மூன்று நிமிஷச் சங்கீதம்

ஸ்ரீபெரும்புதூர் என்றால் பழைய தலைமுறைக்கு ராமானுஜர். இந்தத் தலைமுறைக்குத் தொழிற்சாலை. எனக்கோ இசைத்தட்டு ஞாபகம் வருகிறது. விசித்திரமான ஞாபகந்தான். ஆனால் காரணம் இருக்கிறது.

திருக்கோஷ்டியூரில் ரகசியமாகக் கற்ற மந்திரத்தை, கோபுரத்தின்மேல் ஏறி எல்லாரும் கேட்கும்படி ராமானுஜர் சொன்னார் என்பது ஐதிகம். ஒன்பது நூற்றாண்டுக்குப் பிறகு சங்கீதத்துக்கும் அப்படி ஒரு கோபுரம் கிடைத்தது. அதுதான் கிராமபோன்.

1902-ல் கெய்ஸ்பெர்க் என்பவர் கல்கத்தா ஓட்டல் ஒன்றில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். தட்டில் கொள்ளுவது சுமார் மூன்று நிமிஷம். பாட்டு முடிந்ததும் அந்த அம்மாள் தம் பெயரைத் தாமே சொல்லுவார். தட்டுகள் ஜெர்மனியில் அச்சாகி வந்தன. அங்கே இருப்பவர்களுக்குப் பாடியது யார் என்று தெரிய வேண்டாமா?

பிறகு தமிழ்நாட்டிலும் தட்டுகள் பெருகின. நாடகக் கொட்டகைக்கு டிக்கெட் வாங்க வழியில்லாதவனும் யார் வீட்டுத் திண்ணையிலாவது கிட்டப்பாவையும் சுந்தராம்பாளையும் கேட்டான். ராகத்தை நறுக்கிவிட்டார்களே என்று குறைப்பட்டவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ராஜரத்தினம் பிள்ளை வீதியில் மணிக்கணக்கில் வாசித்த தோடியைத் தட்டில் சில நிமிஷத்துக்குள் அடக்கினார். கேட்டுப் பாருங்கள், அவசரம் எங்கேயாவது தெரிகிறதா?

1948-ல் அமெரிக்காவில் நீண்ட நேரம் ஓடும் தட்டு வந்தது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல். 1963-ல் எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் வேங்கடேச சுப்ரபாதம் அப்படிப்பட்ட தட்டில்தான் வெளியாயிற்று. பக்தியைப் பற்றி நான் பேசவில்லை. அதிலுள்ள நிதானம் எனக்குப் பெரிது. மூன்று நிமிஷத் தட்டில் அதைத் துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்க முடியும்.

அப்புறம் காஸெட். நாகூர் ஹனீபாவின் வெண்கலக் குரல், மதம் பாராமல் டீக்கடை தோறும் ஏறிற்று. 1986-ல் இளையராஜா 'ஹௌ டு நேம் இட்' என்ற வாத்திய இசைத் தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாகுக்கும் சமர்ப்பணம் செய்தார். கர்நாடகமா, மேல்நாட்டுச் சங்கீதமா என்று சண்டை போடுவோர் தலைப்பை மறுபடி படிக்கலாம். எனக்கு முதலில் ஒட்டாத உருப்படிகள் அதில் இருந்தன. காஸெட்டில் அவற்றைத் தாண்டிப் போவது சள்ளை, ஆகவே கேட்டேன். பத்தாவது தடவை அவைதாம் பிடித்துப்போயின.

மறுபடி ஸ்ரீபெரும்புதூருக்கு வருவோம். 2006 முதல் 2014 வரை அங்கே நோக்கியா ஆலை நடந்தது. அந்தத் தொலைபேசியின் மணியோசை, ஸ்பெயின் தேசத்து டாரேகாவின் கிட்டார் உருப்படியிலிருந்து எடுத்த ஒரு சிறு துணுக்கு. உலகமே துணுக்கை அறியும். முழு உருப்படியைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? இன்று எல்லாச் சங்கீதத்துக்கும் இதே கதிதான். தொகுப்பை உடைத்து ஒவ்வொரு பாட்டாகப் பொறுக்கிக்கொள்கிறோம். பிடிக்காவிட்டால் விரலால் ஒரு தள்ளு. மூன்று நிமிஷத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி மூன்று நிமிஷத்துக்கே வந்துவிட்டோம்.

ஒரகடத்தில் வேலை முடிந்து கம்பெனிப் பஸ்ஸில் காதில் குழாய் மாட்டிக்கொண்டு கண்ணயரும் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். நின்றுகொண்டே உழைத்தவனுக்கு ஒரு பாட்டுப் போதும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றிருக்கிறது. அன்று ஒரே ஒரு தொகுப்பை, பிடிக்காத பாட்டையும் தள்ளாமல், முதலிலிருந்து கடைசிவரை கேட்கலாம். இன்று பிடிக்காத பாட்டில்தான் நாளைய ரசனை ஒளிந்திருக்கிறது.

ராமானுஜர் எல்லாருக்கும் கொடுத்தார். மந்திரத்தை முழுசாகவே கொடுத்தார்.