விண்டோஸ் கணினியில் யுஎஸ்பி ஒலிக்கருவி அறியப்படாமை

யுஎஸ்பி மைக்கையோ ஹெட்செட்டையோ செருகியும் வேலை செய்யாவிட்டால், ‘கணினி கண்டுபிடிக்கவில்லை’ என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது வெவ்வேறு கட்டங்களில் நேரும் கோளாறுகளின் பொதுப்பெயர். எங்கே அறுந்தது என்று பாராமல் டிரைவரை அழித்து மறுபடி நிறுவுவது பெரும்பாலும் வீண்வேலை. முதற்கட்டம் மின்னியல் சார்ந்தது. செருகியதும் கருவி தரவுக் கம்பிகளில் ஒன்றின் மின்னழுத்தத்தை உயர்த்தித் தன் வருகையைத் தெரிவிக்கும். கணினி அதனிடம் தயாரிப்பாளர் எண்ணையும் கருவி எண்ணையும் கேட்டுப் பெறும். டிவைஸ் மேனேஜரில் எந்த அசைவும் இல்லையென்றால், தரவுக் கம்பியே இல்லாத சார்ஜர் கேபிளை முதலில் சந்தேகிக்கலாம். பிழை எண் 43 உடன் ‘அன்னோன் யுஎஸ்பி டிவைஸ்’ என்று வந்தால், வருகை தெரிந்தும் விசாரணை முறிந்திருக்கிறது. கேபிள், ஹப், கருவி மூன்றையும் மாற்றிப் பார்க்க வேண்டும். யுஎஸ்பி 2.0 துளை தரும் மின்னோட்டம் 500 மில்லிஆம்பியர். தனி மின்னிணைப்பில்லாத ஹப் அதைத்தான் எல்லாக் கருவிகளுக்கும் பங்கிடுவதால், மின்னோட்டம் போதாமலும் போகலாம்.

அடுத்த கட்டம் டிரைவர் சார்ந்தது. ‘வேறு கணினியில் ஓடுகிறதே, அப்படியானால் இந்தக் கணினிதான் பழுது’ என்ற வாதம் முழுதும் சரியல்ல. ‘யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2’ என்ற பொது நெறிமுறையைப் பின்பற்றும் கருவிகளுக்கான டிரைவரை விண்டோஸ் தன்னுடனேயே தரத் தொடங்கியது 2017-இல், விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பில்தான். ஆப்பிள் கணினிகளும் லினக்ஸும் அதற்கு முன்பே அவற்றை ஏற்றன. ஆகவே பழைய விண்டோஸில் பழுதே இல்லாத கருவியும் தயாரிப்பாளரின் டிரைவர் இன்றி முடங்கும். பிழை எண் 28 அதைத்தான் சொல்கிறது. மறுநிறுவல் பலருக்குப் பலன் தருகிறதே என்றும் கேட்கலாம். தருகிறது, ஏனெனில் டிவைஸ் மேனேஜரில் கருவியின் பதிவை நீக்கியதும் விண்டோஸ் அதைப் புதிதாக விசாரிக்கிறது. வேறு துளையில் செருகினாலே பல வேளைகளில் அதே பலன் கிடைத்துவிடும்.

கடைசிக் கட்டம்தான் அதிகம் ஏமாற்றுவது. கருவி டிவைஸ் மேனேஜரில் ஒழுங்காக நிற்கும், ஒலி மட்டும் வராது. சவுண்ட் அமைப்பில் அது முடக்கப்பட்டிருக்கலாம். பிரைவசி பகுதியில் மைக் அனுமதி மறுக்கப்பட்டிருக்கலாம். விண்டோஸ் ஆடியோ சேவை நின்றிருக்கலாம். இவற்றைவிட மோசமானது, மடிக்கணினியின் உள்மைக்கே இயல்புக் கருவியாக நீடிப்பது. எடுத்துக்காட்டாக, 2001-இல் மூடப்பட்ட கோலார் தங்கச் சுரங்கத்தின் தமிழ்த் தொழிலாளர் நினைவுகளை அந்தச் சுரங்கப் பகுதியிலுள்ள ஊரிகத்தில் யாரேனும் பதிவுசெய்ய உட்கார்ந்தால், பிழைச்செய்தி எதுவும் வராமலேயே ஒரு மணி நேரப் பேச்சு மின்விசிறி இரைச்சலோடு பதிவாகிவிடும். யுஎஸ்பி மைக்கை விரலால் தட்டி, பதிவு மென்பொருளின் ஒலிமானி துள்ளுகிறதா என்று பார்த்தால் இதை முன்னமே அறியலாம்.